பழைய கோலாலம்பூரின் ராக் மேடைகளை எழுதுவது எப்படி

ஒரு நகரத்தின் ராக் இசையைப் பற்றி எழுதப் புகுகிறவர், தாம் எழுதப்போவது புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் வாழ்க்கைச் சுருக்கமா, அல்லது அந்த நகரத்தில் குறிப்பிட்ட சில ஆண்டுகளில் யார் யார், எந்த மண்டபத்தில், என்ன கூலிக்கு, எவருடைய கருவிகளை இரவல் வாங்கி வாசித்தார்கள் என்ற வரலாறா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் வகை எழுத்து நம்மிடம் ஓரளவு இருக்கிறது. இரண்டாவது வகை தமிழில் மிக அரிது. கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே குடியிருப்பிலிருந்தும் பிரிக்பீல்ட்சிலிருந்தும் புறப்பட்டுப் போய், மலாய்ப் பாடலுக்கும் ஆங்கிலப் பாடலுக்கும் டிரம்ஸ் அடித்த, பேஸ் கித்தார் வாசித்த தமிழ் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அதே காலத்தில் நம்முடைய இதழ்களின் கலைப் பக்கங்கள் பெரும்பாலும் தமிழகத் திரைப்படங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. 60களில் வாசித்தவர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள் என்பதால், இந்த வேலையை எடுத்துக்கொள்ள நினைப்பவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காலத்தையும் இடத்தையும் சுருக்கிக்கொள்ளுதல்

முப்பது ஆண்டு வரலாற்றை ஒரே கட்டுரையில் எழுத முயல்வதே பெரும்பாலான முயற்சிகள் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் வேறு வேறு வகையான சான்றுகள் தேவைப்படுகின்றன. கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்து நிகழ்ச்சி நடத்திய பிறகு, மூன்று மின்கித்தார்களும் ஒரு டிரம்ஸும் கொண்ட குழு அமைப்பு தீபகற்பம் முழுவதும் பரவியது. பீட்டில்ஸ் குழுவின் ‘யே யே’ முழக்கத்திலிருந்து அந்த அலைக்குப் ‘பாப் யே யே’ என்ற பெயர் வந்தது, குழுக்களை மலாயில் ‘குகிரான்’ என்றார்கள். அக்காலத்து இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை சிங்கப்பூரில்தான் பதிவாயின. ஆகவே கோலாலம்பூர்க் குழுவைப் பற்றிய தடயம் எல்லைக்கு அப்பால் கிடைப்பது இயல்பே. 70களில் ஹோட்டல் லாஞ்சுகளும் இரவு விடுதிகளும் குழுக்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தன. அங்கே பிலிப்பீன்ஸ் நாட்டுக் குழுக்களுடன் போட்டியிட்டே உள்ளூர்க் குழுக்கள் இடம்பிடிக்க வேண்டியிருந்தது. 80களில் கேசட் சந்தை பெருகியது. ஜொகூரிலிருந்து வந்த ‘சர்ச்’ என்ற ராக் குழு 1985-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது, கோலாலம்பூரின் ‘விங்ஸ்’ அதன் பின்னே எழுந்தது, மெல்ல நகரும் ராக் பாடல்கள் வானொலியையும் பேருந்துகளையும் நிறைத்தன. 90களில் ‘கார்புரேட்டர் டங்’ போன்ற பங்க் குழுக்களும் அவற்றைச் சுற்றிய அண்டர்கிரவுண்ட் வட்டமும் பெரிய நிறுவனங்களை நம்பாமல் தாமே கேசட் வெளியிட்டன.

இவற்றில் ஒரு பத்தாண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதையும் ஒரு தெருவுக்கோ ஒரு மண்டபத்துக்கோ சுருக்குங்கள். 1962-இல் திறக்கப்பட்ட ஸ்டேடியம் நெகாராவில் ஒரு பத்தாண்டில் நடந்த கச்சேரிகள் மட்டுமே ஒரு நீண்ட கட்டுரைக்குப் போதுமானவை.

செய்தித்தாள் விளம்பரத்திலிருந்து தொடங்குதல்

நேர்காணலுக்குப் போவதற்கு முன்பு நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதே இந்த வேலையில் நான் மிக உறுதியாக நம்பும் விதி. காரணம் எளிது. ஒரு கலைஞர் தம் இளமையை நினைவுகூரும்போது நிகழ்ச்சிகள் சரியாகவும் ஆண்டுகள் தவறாகவும் வரும். உங்களிடம் தேதியிட்ட விளம்பரம் ஒன்று இருந்தால், அவருடைய நினைவு அதைச் சுற்றி ஒழுங்குபடத் தொடங்கும். விளம்பரம் இல்லாமல் போனால், அவர் சொல்லும் ஆண்டையே நீங்களும் எழுதுவீர்கள், அடுத்து எழுதுபவர் உங்களை மேற்கோள் காட்டுவார், தவறு நிலைத்துவிடும்.

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் முதல் இடம். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியீட்டாளர்கள் தங்கள் வெளியீடுகளின் படிகளை அங்கே தர வேண்டும். பழைய நாளிதழ்களை நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிமில்) பார்க்கும்போது, செய்திப் பக்கங்களைக் காட்டிலும் திரைப்பட விளம்பரங்கள் வரும் பக்கத்தையே முதலில் பாருங்கள்; இரவு விடுதிகளும் ஹோட்டல்களும் தம் குழுக்களின் பெயரை அங்கேதான் அச்சிட்டன. வாரத்தின் எல்லா நாளையும் புரட்ட வேண்டியதில்லை. வெள்ளி, சனி இதழ்களை மட்டும் ஓராண்டுக்கு வரிசையாகப் பார்த்தால் ஒரு மண்டபத்தின் வாழ்க்கை கண்முன் விரியும். ஒவ்வொரு விளம்பரத்திலும் குழுவின் பெயர், இடம், நாள், நுழைவுக் கட்டணம், கூடவே ஆடவோ பாடவோ வந்தவர் யார் என்ற ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கட்டணத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போயிருக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணே விடை சொல்லும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தன் நாளிதழ்த் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான், தமிழ் முரசு ஆகியவை அதில் உண்டு. 60களின் கோலாலம்பூர் நிகழ்ச்சிகள் பலவும் அவற்றில் செய்தியாகியிருக்கின்றன. மலாய் எழுத்துக்கூட்டல் 1972-இல் சீர்திருத்தப்பட்டது என்பதைத் தேடும்போது நினைவில் கொள்ளுங்கள். இசைக்குழுவைக் குறிக்கும் ‘பஞ்சராகாம்’ என்ற சொல்லின் நடுவில் அதற்கு முன் ch என்ற இரண்டு ரோமன் எழுத்துகளும் பின்னர் c என்ற ஒரே எழுத்தும் வரும். இரண்டு வடிவத்திலும் தேடாவிட்டால் பாதிச் செய்திகள் கண்ணில் படாமல் போகும். 70களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய மலேசியச் செய்திகளுக்கு நுண்படச் சுருளே துணை. பினாங்கைப் பற்றி எழுதுவோர், 1986-இல் நின்றுபோன ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ இதழையும், 1971-இல் பினாங்கில் தொடங்கிய தி ஸ்டார் இதழின் ஆரம்ப ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனில் கலை இரவு அறிவிப்புகளையும் திருமண, கோயில் திருவிழா நிகழ்ச்சிகளில் வாசித்த இசைக்குழுக்களின் பெயர்களையும் தேடுங்கள். பகலில் திருமண மண்டபத்தில் திரைப்பாடலும் இரவில் விடுதியில் ராக் இசையும் வாசித்த ஒருவரை அடையாளம் காண, இந்த இரண்டு வகைப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியிருக்கும்.

தெருப்பெயர்கள் மாறியிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய விளம்பரத்தில் வரும் பத்து ரோடு இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். கேம்பல் ரோடு இன்றைய ஜாலான் டாங் வாங்கி. ட்ரெச்சர் ரோடு இன்றைய ஜாலான் சுல்தான் இஸ்மாயில். பேரி ரோடு இன்றைய ஜாலான் பி. ரம்லி. புக்கிட் பிந்தாங் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில் இப்போது சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. கட்டுரையில் இரண்டு பெயரையும் ஒருமுறை எழுதிவிட்டு, அதன் பிறகு அக்காலத்துப் பெயரையே கையாள்வது நல்லது.

மறைந்திருக்கும் தமிழ்ப் பெயர்கள்

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். பாடல் மலாயில் இருக்கும். உறுப்பினரின் பெயர் ஒரு கிறித்துவப் பெயராகவோ வெறும் முதலெழுத்தாகவோ இருக்கும். பினாங்கில் 60களின் இறுதியில் தோன்றிய ‘அலிகேட்ஸ்’ குழுவை எண்ணிப் பாருங்கள். டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும் முன்னின்று நடத்திய அந்தக் குழு, 70களில் ஹாங்காங் விடுதிகளில் வாசித்துப் பக்குவப்பட்டு, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு அறியப்பட்டது. லோகநாதன் 2007-இல் காலமானார். ஆறுமுகம் என்ற பெயர் ஒலித்ததால் அவர்களை நாம் அறிவோம். மற்றக் குழுக்களில் இருந்தவர்களை அறிய, இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும், புகைப்படத்தில் பின்வரிசையில் நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும், பதிவுக்கூடத்தில் கூலிக்கு வாசித்தவர்களின் பெயரைத் தேட வேண்டும். ஆனால் ஒருவருடைய முகத்தை வைத்தோ பெயரை வைத்தோ அவர் தமிழர் என்று எழுதிவிடக் கூடாது. மலையாளிகளும் தெலுங்கர்களும் பஞ்சாபியரும் யூரேசியர்களும் அதே மேடைகளில் இருந்தார்கள். உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

தட்டும் கேசட்டும்

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தையில் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் கிடைக்கும். உறையில் அச்சிட்ட ஆண்டு, பட்டியல் எண், தட்டின் உள்வட்டத்தில் பொறித்த எண் ஆகிய மூன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடல் மறுபதிப்பாக வந்திருக்கும்போது உள்வட்ட எண்ணே முதற்பதிப்பைக் காட்டிக்கொடுக்கும். கேசட்டைப் பொறுத்தவரை கூடுதல் எச்சரிக்கை தேவை. 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பு திருட்டுப் பதிப்புகள் தாராளமாக விற்கப்பட்டன. அவற்றின் உறையில் உள்ள பாடல் வரிசையையும் பெயர்களையும் ஆதாரமாகக் கொள்ள இயலாது.

90களின் அண்டர்கிரவுண்ட் வட்டத்தை எழுதுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்த வட்டத்தின் பத்திரிகைத் துறை நகல் இயந்திரத்தில்தான் இயங்கியது. கார்புரேட்டர் டங் குழுவின் ஜோ கிட் நடத்திய ‘ஏடிஸ்’ போன்ற இதழ்கள் நகலெடுத்துக் கைமாற்றிப் படிக்கப்பட்டன. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இதழ்களுக்கு அனுமதி பெறச் சொன்ன காலம் அது. இத்தகைய இதழ்கள் நூலக அலமாரியில் கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய வாசகர்களின் வீட்டு அலமாரிகளைத்தான் நாட வேண்டும். படியெடுத்துவிட்டு மூலத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒழுங்கைக் காப்பவருக்கே அடுத்த பெட்டி திறக்கும்.

நேர்காணல்

பாடகரிடம் கடைசியாகப் போங்கள். பாடகர் பலமுறை பேட்டி கொடுத்தவர். அவருடைய விடைகள் ஏற்கெனவே வழவழப்பாகியிருக்கும். டிரம்ஸ் வாசித்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர், வேன் ஓட்டியவர், விடுதியின் கணக்குப் பிள்ளை ஆகியோரிடம் முதலில் போனால், இதுவரை எங்கும் அச்சாகாத செய்திகள் கிடைக்கும்.

கேள்விகள் பொருளைப் பற்றியவையாக இருக்கட்டும். ‘உங்கள் இசைப் பயணம் எப்படித் தொடங்கியது?’ என்று கேட்டால் உங்களுக்கு ஒரு சொற்பொழிவுதான் கிடைக்கும். ‘அண்ணே, உங்க முதல் கித்தார எங்க வாங்குனீங்க, எத்தன வெள்ளி, தவணைக்கு யாரு கையெழுத்துப் போட்டாங்க?’ என்று கேளுங்கள்; அப்பாவின் சம்பளம், கடைக்காரரின் நம்பிக்கை, அம்மா அடகுவைத்த வளையல் எல்லாம் தானாக வெளியே வரும். ஓர் இரவில் எத்தனை செட், ஒரு செட்டுக்கு எவ்வளவு நேரம், சாப்பாடு கொடுத்தார்களா, எந்த மொழியில் ஒத்திகை பார்த்தார்கள், கடைசிப் பேருந்து போன பிறகு செந்தூலுக்கு எப்படித் திரும்பினார்கள், மறுநாள் காலை வேலைக்கு எப்படி எழுந்தார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். தம்மைவிட மிக மூத்தவரை ‘ஐயா’ என்றோ, வீட்டார் அழைக்கும் வழக்கப்படி ‘அங்கிள்’ என்றோ அழைப்பதில் தவறில்லை. முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்காமல் இருப்பதும் நன்று.

ஆண்டுகளை உறுதிப்படுத்த, நகரம் முழுவதும் அறிந்த நிகழ்ச்சிகளைப் பிடிமானமாகக் கொள்ளுங்கள். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின் வந்த ஊரடங்கில் இரவு வேலை அடியோடு நின்றுபோனது என்பதை அக்காலத்துக் கலைஞர் எவரும் மறக்க மாட்டார். 1971 ஜனவரி வெள்ளம், 1976-இல் கேம்பல் கட்டடம் எரிந்தது, 1977 ஆகஸ்டில் எல்விஸ் பிரெஸ்லி இறந்தது, 1992-இல் ஸ்டேடியம் நெகாராவில் நாம் பூப்பந்தில் தாமஸ் கிண்ணத்தை வென்றது, 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்தது ஆகியவற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டால், ஆண்டு சொல்லத் தெரியாதவரும் வரிசையைச் சரியாகச் சொல்லிவிடுவார். தைப்பூசத்துக்கு முன்பா, தீபாவளிக்குப் பிறகா என்று கேட்டால் மாதமும் கிடைத்துவிடும். இருவருடைய நினைவுகள் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்க வேண்டாம். இருவரும் சொன்னதை அப்படியே எழுதி, அச்சுச் சான்று எதை ஆதரிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம்மவர்களின் பேச்சில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். அதைத் தூய தமிழாக மாற்றி மேற்கோள் குறிக்குள் போடுவது நேர்மையாகாது. அவர் சொன்னபடியே தமிழ் எழுத்தில் எழுதி, புரியாத சொல்லுக்கு அடுத்த வாக்கியத்தில் விளக்கம் தருவதே முறை.

ஒலியைச் சொற்களில் எழுதுதல்

இசையைப் பற்றிய கட்டுரையில் இசையே இல்லாமல் போவது நம்மிடம் அடிக்கடி நேர்கிறது. ‘அற்புதமான கித்தார் இசை’, ‘மயக்கும் குரல்’ என்ற சொற்களால் வாசகர் காதில் எதுவும் ஒலிக்காது. ஒரு பாடலைத் ஹெட்ஃபோனில் பலமுறை கேளுங்கள். முதலில் டிரம்ஸை மட்டும், பிறகு பேஸை மட்டும், பிறகு கித்தாரை மட்டும் பின்தொடருங்கள். 60களின் பதிவுகளில் முன்னணிக் கித்தார் எதிரொலியுடன் ஒற்றைத் தந்தியில் மெட்டை வாசிப்பதையும், மலாய் நாட்டுப்பாடலின் வளைவுகள் அந்த மெட்டுக்குள் நுழைவதையும் கேட்கலாம். 80களின் மெதுவான ராக் பாடல் தெளிந்த கித்தார் ஒலியில் துயரச் சுரங்களுடன் தொடங்கி, இரண்டாம் சரணத்துக்கு முன் டிரம்ஸ் கனத்து விழ, நடுவே நீண்ட தனிக் கித்தார் வந்து, குரல் தன் உச்சிக்கு ஏறி முடியும். அந்த அமைப்பைப் பெயர்ச்சொற்களாலும் வினைச்சொற்களாலும் விளக்கினாலே போதும், பெயரடைகள் தேவைப்படா. அந்தப் பாடல்கள் ஏன் நம் இளைஞர்களுக்கும் அவ்வளவு நெருக்கமாயின என்று ஆராயும்போது, சோக மெட்டுகளை உச்சக் குரலில் பாடும் தமிழ்த் திரைப்பாடல்களில் அவர்கள் ஏற்கெனவே ஊறியிருந்ததை ஒரு காரணமாக நான் முன்வைப்பேன். இத்தகைய கருத்தை எழுதும்போது அது உங்கள் கருத்து என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

சர்ச்சைகளை எழுதுவதிலும் இதே நிதானம் வேண்டும். நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்ற தடை வந்ததும், 1992-இல் முன்னணிக் குழுவினர் முடியை வெட்டிக்கொண்டதும் அனைவரும் அறிந்த செய்தி. அதைப் பற்றி எழுதுபவர் கோபத்தையோ ஏளனத்தையோ முன்வைக்காமல், அந்த மாதத்து மலாய், ஆங்கில, தமிழ் நாளிதழ்கள் மூன்றையும் எடுத்து, அமைச்சர் தரப்பு என்ன சொன்னது, கலைஞர் என்ன சொன்னார், வாசகர் கடிதங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று வரிசைப்படுத்தினால், அந்தக் காலத்துச் சமூகம் ராக் இசையைப் பார்த்து எதற்கு அஞ்சியது என்பது தெளிவாகும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

மலேசியச் சட்டப்படி பாடல் வரிகளுக்கான உரிமை, எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஆகவே வரிகளை முழுமையாக அச்சிடாமல், பொருளைச் சொல்லி நகருங்கள். குடும்ப ஆல்பத்துப் படமானாலும், எடுத்தவர் யார் என்று கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். போதைப்பொருள், கடன், ஏமாற்றப்பட்ட சம்பளம் பற்றிய பேச்சு எல்லா நேர்காணலிலும் தலைகாட்டும். அவதூறுச் சட்டத்தை மட்டுமல்லாமல், இறந்தவரின் பிள்ளைகள் அந்தக் கட்டுரையை வாசிப்பார்கள் என்பதையும் மனத்தில் வைத்து, ஒருவர் மட்டுமே சொன்ன குற்றச்சாட்டைப் பெயருடன் எழுதாதீர்கள். சம்பளம் எப்படிப் பிடிக்கப்பட்டது என்ற முறையைப் பெயரில்லாமலே விரிவாக எழுதலாம். அந்தத் தொழிலின் இயல்பை அறிய வாசகருக்கு அதுவே போதும்.

மேற்கோள்களை உரியவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல், ஊர், வாசித்த கருவி ஆகியவற்றில் திருத்தம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தம் முந்தைய கருத்தை அழகுபடுத்தச் சொன்னால், அவர் பேசிய ஒலிப்பதிவே நிற்கட்டும். கட்டுரை அச்சான பிறகு ஒரு படியைத் தேசிய நூலகத்துக்கும், ஒலிப்பதிவின் நகலை அந்தக் கலைஞரின் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் கலைஞரின் பெயர், பதிவு செய்த நாள், இடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.